உள்ளே உள்ள பொதுமக்கள்

தேவரகுண்டு காடு அரசாங்கத்திடமே இருக்க வேண்டுமா, கம்பெனியிடம் போக வேண்டுமா என்பது பற்றிப் பாறைக்கொட்டாய் நாராயணம்மாவுக்கு எந்தக் கருத்தும் இருந்ததில்லை. அவளுக்கு இருந்த கருத்தெல்லாம் கெம்பியைப் பற்றித்தான். கெம்பி அவளுடைய செவலைப் பசு. நிறைசினை. இன்றைக்கோ நாளைக்கோ கன்று போட வேண்டிய மாடு, ஒரு திங்கட்கிழமை காலையில் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, கிடாரியாக இருந்த நாளிலிருந்து மேய்ந்து பழகிய காட்டுக்குள் போய்விட்டது.

"தானா வரும் போ. கரண்ட் ரெண்டு மணி நேரம்தான் இருக்கும், நான் தக்காளிக்குத் தண்ணி கட்டணும்" என்றான் அவள் புருஷன் வெங்கடப்பன்.

"ஈனுன மாட்டச் செந்நாய் உடுமா? நீ தக்காளியப் பாரு. நான் மாட்டப் பாக்கறேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாராயணம்மா கிளம்பினாள்.

அவள் கிளம்பிய அந்தக் காலையில், அந்தக் காட்டைப் பற்றி ஒரு விவாதம் மூன்று வருடமாக நடந்துகொண்டிருந்தது. அரசுக் காடுகளைத் தனியாரிடம் ஒப்படைக்கலாமா, ஒப்படைத்தால் ஜனங்கள் உள்ளே போய்வரலாமா என்ற விவாதம். சென்னையில் நடந்தது, டில்லியில் நடந்தது, பெங்களூர் ஹோட்டல்களின் குளிரூட்டிய அறைகளில் நடந்தது. விவாதம் முடிகிற வரைக்கும் சும்மா இருக்கக் கூடாதென்று, தேவரகுண்டில் நானூறு ஏக்கரை மாதிரித் தொகுதி என்று பிரித்து, வனத்துறையும் கம்பெனியும் கூட்டாகப் பராமரிக்கலாம் என்று ஓர் இடைக்கால ஆணை வந்தது. காட்டைப் பராமரிப்பதில் முதல் வேலை அதைச் சுற்றி எட்டடி உயரத்துக்குக் கம்பிவலை அடிப்பது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

நாராயணம்மா போனபோது ஓடைப் பக்கம் பத்தடி இடைவெளி பாக்கி இருந்தது. அங்கே கம்பி இழுத்துக்கொண்டிருந்த ஒடிசா ஆட்களிடம் கையால் மாட்டுக் கொம்பு வைத்துக் காட்டி, "போச்சா?" என்று கேட்டாள். அவர்கள் காட்டைக் காட்டினார்கள். போனாள்.

மூங்கில் புதருக்குக் கீழே, ஈர மணலில், கெம்பி கன்றை நக்கிக்கொண்டு நின்றது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த கிடாரிக் கன்று. நாராயணம்மாவுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. கன்று நாலு காலில் நிற்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பொழுது சாயத் தொடங்கியதும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னாலேயே கத்திக்கொண்டு வந்த தாயோடு ஓடைக்குத் திரும்பினாள். அங்கே வேலி முடிந்திருந்தது. ஆட்களும் போய்விட்டிருந்தார்கள்.

கம்பியை ஒட்டியே ஒன்றரை மைல் நடந்தபோது இரும்பு கேட் ஒன்று வந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் தகரம் வேய்ந்த காவல் குடில். அதன் முன்னால் நீலச் சட்டை போட்ட ஒரு காவலாளி. சுடலைமுத்து என்று பெயர் வில்லை குத்தியிருந்தான். தெற்கே நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு ஃபேக்டரி வேலைக்கு வந்தவன். ஃபேக்டரி மூடியதும் செக்யூரிட்டி ஆனவன்.

"கேட்டத் தொற தம்பி. பச்ச உடம்புக்காரி வந்திருக்கறா" என்றாள் நாராயணம்மா, மாட்டைக் காட்டி.

சுடலைமுத்து பதறி எழுந்தான். "எம்மா, நீங்க எப்படி உள்ள வந்தீய?"

"நடந்துதான்."

"எந்த வழியா?"

"ஓடைப் பக்கம்."

"அங்கன வேலில்லா இருக்கு?"

"காலையில இல்லியே."

அவன் குடிலுக்குள் போய்ப் பெரிய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, விரலை எச்சில் தொட்டுப் புரட்டி, அந்தத் தேதியில் நிறுத்தினான். பக்கம் வெறுமையாக இருந்தது. "பாருங்க. இன்னைக்கு யாரும் உள்ள வரல. நுழைவுச் சீட்டு வாங்குனவுகளத்தான் வெளிய விடச் சொல்லி உத்தரவு. நீங்க உள்ளயே வரலியேம்மா. வராத ஆள எப்படி வெளிய விட?"

"அப்ப நான் எங்கப்பா நிக்கறேன்?"

சுடலைமுத்து கேள்வியை அலட்சியம் செய்யவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தான். "அது இந்த நோட்டுல இல்லம்மா" என்றான்.

தவிர, சாவியும் அவனிடம் இல்லை. கேட்டில் இரண்டு பூட்டுகள் தொங்கின. பித்தளைப் பூட்டு வனத்துறையுடையது. அதன் சாவி ரேஞ்சரிடம். பளபளப்பான ஸ்டீல் பூட்டு கம்பெனியுடையது; அதன் சாவி ஓசூர் ஆபீசில். காடு யாருடையது என்ற விவாதம் முடிகிற வரை இரு தரப்பும் ஒரே நேரத்தில் வந்து, ஒரே நேரத்தில் திறக்க வேண்டும் என்பது ஆணை. இதுவரை அப்படித் திறந்திருக்கிறார்களா என்று நாராயணம்மா கேட்டாள். கேட் மாட்டின அன்றைக்கு, சரியாகப் பூட்டுகிறதா என்று பார்க்க ஒரு தடவை, என்றான்.

இருட்டுவதற்குள் வெங்கடப்பன் தேடிக்கொண்டு வந்துவிட்டான். பெண்டாட்டியைக் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பூட்டையும் பார்த்ததும் நின்றுபோயிற்று. "ஏறி இந்தப் பக்கம் குதி, நான் பிடிச்சிக்கறேன்" என்று தெலுங்கில் சொன்னான். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு; தமிழ் ஆபீசர்களுக்கு.

"நான் ஏறுவேன். கெம்பி ஏறுமா?"

கன்றையாவது கேட்டுக்கு மேலே தூக்கிக் கொடு என்றான். அதற்குச் சுடலைமுத்து கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாகக் கெஞ்சினான். ஓர் இலை வெளியே போனாலும் தன் சோலி போய்விடும் என்றான். கன்று போனால் கெம்பி அன்றிரவே கம்பியில் முட்டிச் செத்துப்போகும் என்பது நாராயணம்மாவுக்கும் தெரியும். எனவே அவள் குடிலில் படுத்தாள். மாட்டை வாசலில் கட்டினார்கள். சுடலைமுத்து காவல் கோபுரத்தின் மேலே ஏறிக்கொண்டான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு ரேஞ்சர் பூபதி ஜீப்பில் வந்தார். கனத்த உடம்பும் கனிந்த குரலும் உள்ளவர். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்கக் கேட்க அவர் கண்கள் கலங்கின.

"அம்மா, இந்தக் காடு யாரோடது? உங்களோடது. மக்களோட சொத்து. நாப்பது வருசமா ஒரு மனுசன் கால் படாம இதக் காப்பாத்திக்கிட்டு வர்றோம். யாருக்காக? மக்களுக்காக. இதப் போய் ஒரு கம்பெனிக்காரன் வேலி போட்டு அடைக்கலாமா? உள்ள வந்தா ஃபைன் போடற உரிமை அரசாங்கத்துக்கு மட்டும்தானே உண்டு?"

"என்ன வெளிய வுடுங்க சாமி."

"அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பித்தளைப் பூட்டைத் திறந்தார். பூட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் நின்றார். ஸ்டீல் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. "அரசாங்கம் தன்னோட கடமையச் செஞ்சிருச்சு. பாத்துக்குங்க. தடுக்கறது யாருன்னு நீங்களே பாத்துக்குங்க" என்றார். பிறகு பித்தளைப் பூட்டை மறுபடி பூட்டி, இழுத்துப் பார்த்து, கைக்குட்டையால் துடைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

"பூட்டாமலாவது போயிருக்கலாமே அந்த ஆளு" என்றாள் நாராயணம்மா.

"அரசாங்கப் பூட்டு தெறந்து கெடக்கக் கூடாதும்மா" என்றான் சுடலைமுத்து, நோட்டில் எழுதிக்கொண்டே.

புதன்கிழமை யாரும் வரவில்லை. பிற்பகலில் வெங்கடப்பன் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்து கேட் கம்பிகளுக்கிடையே நீட்டினான். நாராயணம்மா பாதியைச் சுடலைமுத்துவுக்குக் கொடுத்தாள். அவனுக்குக் களி விழுங்கத் தெரியவில்லை. சோற்றைப்போல மென்றான்.

"களிய மெல்லக் கூடாதுப்பா, உருட்டி முழுங்கணும். இத்தினி நாளா ஓசூருல இருந்து இன்னாத்தக் கத்துக்கினே? டூட்டி முடிஞ்சா எங்க போவே?"

"டூட்டி முடியலம்மா" என்றான். "இன்னைக்கோட இருவத்திமூணு நாள் ஆகுது."

அவள் களியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

கேட்டைப் பூட்டிப் பார்த்த அன்று அவன் உள்ளே நின்றிருக்கிறான். வெளியே நின்றவர்கள் பூட்டினார்கள். மாற்று ஆள் இரண்டு தடவை வந்தானாம். நுழைவுச் சீட்டு இல்லாததால் திரும்ப அனுப்பப்பட்டான்.

"எந்தப் பாவி அனுப்புனான்?"

"நாந்தான்" என்றான் சுடலைமுத்து. "ரூல்ஸ் அப்படி. நானே விட்டுட்டா அப்புறம் நான் என்னத்துக்கு?"

ராயக்கோட்டை ரோட்டில் லைன் வீட்டில் அவன் சம்சாரம் ராசாத்தியும் மகள் தர்ஷினியும் இருந்தார்கள். செல்போன் வைத்திருந்தான், ஆனால் கோபுரத்தில் ஏறி நின்றால் கர்நாடகா டவர்தான் கிடைத்தது. முதல் வாரத்திலேயே ரோமிங்கில் காசு கரைந்துபோயிற்று. அரிசியும் பருப்பும் கம்பெனி ஜீப்பில் வாரம் ஒருதடவை வந்தது. கம்பி இடுக்கில் நீட்டுவார்கள். இவன் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவான்.

"ஏறிக் குதிச்சிப் போயிர வேண்டியதுதானே?"

"போவலாம். போனா மறுநாள் வேல இருக்காதே" என்றான். "ஃபேக்டரியில பத்து வருசம் இருந்தேன். ஒரு காலையில போனா கேட்டு பூட்டிக் கெடக்கு. நூத்தியெம்பது பேரும் வெளிய நிக்கோம். அன்னைக்கு வெளிய நின்னது போதும்மா. இங்க உள்ளயாவது இருக்கேன்லா."

அன்று முழுதும் நாராயணம்மா அவனிடம் பூட்டைப் பற்றிப் பேசவில்லை.

வியாழக்கிழமை கம்பெனி வந்தது. கம்பெனி என்றால் ஸ்வாதி என்ற ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அட்டை, கையில் மடிக்கணினி. 'பொது அணுகல் மேலாளர்' என்று அட்டையில் இருந்தது. அவள் பேச்சு மரியாதையாகவும் இனிமையாகவும் இருந்தது. அதுதான் நாராயணம்மாவுக்குப் பயமாக இருந்தது.

"ஆன்ட்டி, முதல்ல ஒரு சாரி. கவர்ன்மென்ட் லாக்கால உங்களுக்கு இவ்வளவு கஷ்டம். எங்க லாக் பாருங்க" என்று ஸ்டீல் பூட்டைத் திறந்து, திறந்த பூட்டோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, திரும்பப் பூட்டினாள். "நாங்க காட்ட வாங்கறோம்னு பொய் சொல்றாங்க. மரம் கவர்ன்மென்டோடதுதான். மண்ணு கவர்ன்மென்டோடது. நாங்க எடுத்துக்கறது நிழல், காத்து, பறவை சத்தம். அவ்வளவுதான். இதெல்லாம் இத்தனை வருஷமா யாருமே மேனேஜ் பண்ணாம வேஸ்ட்டா போயிட்டிருந்தது."

"நான் பன்னண்டு வயசுலருந்து இந்த நெழல்ல குந்திக்கினுதான் மாடு மேச்சேன் கண்ணு."

"எக்ஸாக்ட்லி. எந்த ரெக்கார்டும் இல்லாம" என்றாள் ஸ்வாதி, பரிவோடு.

அப்போதுதான் கன்று தாயின் மடியை முட்டியது. ஸ்வாதி குனிந்து பார்த்தாள். "இது எங்க பிறந்தது?"

"உள்ளதான். மூங்கில் பொதர்ல."

ஸ்வாதி மடிக்கணினியைத் திறந்து வெகுநேரம் தேடினாள். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது. பசு வெளியிலிருந்து வந்தது. அது நாராயணம்மாவுடையதுதான், தாராளமாகக் கூட்டிப்போகலாம். ஆனால் மாதிரித் தொகுதி அமைந்த பிறகு அதற்குள் பிறந்த உயிர்களெல்லாம் தொகுதியின் இயற்கை வளர்ச்சி. இயற்கை வளர்ச்சியில் உரிமை கம்பெனிக்கு. தொகுதியின் முதல் வளர்ச்சியே இந்தக் கன்றுதான் என்று சொல்லி, கம்பியிடுக்கில் கையை விட்டு அதன் வலது காதில் பச்சை வில்லை ஒன்றைக் குத்தினாள். கன்று வீறிட்டது. கெம்பி கம்பி அதிரும்படி கேட்டை முட்டியது. ஸ்வாதி இரண்டடி பின்வாங்கி, அதையும் படம் எடுத்துக்கொண்டாள்.

செய்தி ரேஞ்சர் பூபதிக்கு எட்டியது. பெண்பிள்ளை ஒருத்தி அடைபட்டுக் கிடக்கிறாள் என்று கேட்டபோது தனித்தனியாக வந்தவர்கள், கன்று பிறந்திருக்கிறது என்றதும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். இரண்டு சாவிகளும் இரண்டு பூட்டுகளில் ஒன்றாகத் திரும்பின. நாராயணம்மா மாட்டின் கயிற்றை அவிழ்ப்பதற்குள் இருவரும் உள்ளே வந்து, கம்பியிடுக்கில் கையை விட்டுப் பூட்டிக்கொண்டார்கள்.

"சிறு வன மகசூல்" என்றார் பூபதி, கன்றைச் சுற்றி வந்து. "தேன், புளி, சீமாறுப் புல், கன்னு. எல்லாம் அரசாங்கத்தோடது."

"புளி மரத்துல காய்க்குது சார். கன்று மரத்துல காய்க்கல. நிழல்ல பிறந்தது. நிழல் எங்களோடது."

"நிழல் மரத்தோட பாகம்."

"அப்படின்னா சாயங்காலம் நிழல் வேலிக்கு வெளிய போகுதே? அதுக்கு யார் சார் பர்மிஷன் குடுத்தது?"

பூபதி இதை எதிர்பார்க்கவில்லை. வேலியைத் திரும்பிப் பார்த்தார். அது பற்றித் தனியாகக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார். பிறகு கன்றின் இடது காதில் மஞ்சள் வில்லை ஒன்றைக் குத்தினார். நாராயணம்மா கன்றைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் அவள் ரவிக்கையில் சொட்டியது.

"அது எங்க மாட்டு வயித்துல இருந்து வந்த கன்னு! சினை ஊசி பேரிகை மாட்டாஸ்பத்திரில போட்டது. கூட்டினு போனது என் புருசன். உங்க நெழலா போட்டுச்சு?"

இருவரும் அவளை ஒரே மாதிரிப் பார்த்தார்கள். அப்போதுதான் அவள் அங்கே இருப்பது ஞாபகம் வந்தவர்களைப்போல. நீங்கள் போகலாம், பசுவும் போகலாம், கன்று மட்டும் விவாதம் முடியும்வரை இருக்கட்டும் என்றார் பூபதி. அதுவும் நுழைவுச் சீட்டு கிடைத்தபின், என்றாள் ஸ்வாதி. அந்த ஒரு விஷயத்தில் உடன்பாடு வந்த மகிழ்ச்சியில் இருவரும் ஒன்றாகவே பூட்டைத் திறந்து, ஒன்றாகவே வெளியே போய், ஒன்றாகவே பூட்டினார்கள். தாவி ஓட நினைத்த நாராயணம்மாவின் ஒரு கை கன்றின் கழுத்தில் இருந்தது. அதை எடுக்க அவளால் முடியவில்லை.

அடுத்த நாலு நாள்களும் எப்படிப் போயின என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடிந்ததில்லை. காட்டின் ஒவ்வொரு தடமும் அவளுக்குத் தெரியும். எந்தப் பாறைக்குக் கீழே தண்ணீர் நிற்கும், எந்த மரத்தில் சிறுத்தை நகம் கீறும் என்று தெரியும். நாற்பது வருடமாக வந்து போன இடம். ஆனால் இப்போது பத்தடி நடந்தாலும் மூச்சு முட்டிற்று. எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் கம்பி இருக்கிறது என்பது நடக்கும் காலுக்குத் தெரிந்துவிட்டது. புதன்கிழமை சாயங்காலம், கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற வெங்கடப்பனிடம், "தக்காளி எப்பிடி இருக்குது?" என்று கேட்டாள். "பறிச்சாச்சி" என்றான். தான் இல்லாமலே தக்காளி பழுத்துப் பறித்தும் ஆகிவிட்டது என்று கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது.

வியாழக்கிழமை, பதினோராவது நாள், விவாதம் காட்டுக்கே வந்தது.

காட்டுக்குள் பொதுமக்கள் போய்வரும் உரிமை பற்றிய உயர்மட்டக் குழுவின் கருத்துக் கேட்புக் கூட்டம். களத்திலேயே நடத்த வேண்டும் என்று குழுத் தலைவர் விரும்பினார். காலை ஆறு மணிக்கே இரண்டு சாவிகளும் வந்தன. பேரிகையில் பந்தல் வாடகைக் கடை வைத்திருக்கும் மணிவேல் டெம்போவில் நாற்காலி, மேசை, ஷாமியானா, மைக் செட் எல்லாவற்றையும் கொண்டுவந்தான். வந்த ஒவ்வொரு பொருளையும் சுடலைமுத்து எண்ணி எழுதினான். மாலை ஆறு மணிக்குள் வந்த பொருள் எல்லாம் வெளியே போய்விட வேண்டும் என்பது நிபந்தனை.

தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. வெள்ளைத் தலை, வெள்ளைச் சட்டை. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்:

"நான் இதுவரை பதினான்கு குழுக்களுக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன். ஒன்றில்கூட முடிவு எடுத்ததில்லை. முடிவு என்பது ஒரு கதவு மூடுகிற மாதிரி. நான் எந்தக் கதவையும் மூட விரும்பாதவன்."

இரண்டு பூட்டுகளும் பூட்டப்பட்ட கேட்டுக்கு வெளியே, பாறைக்கொட்டாய் ஜனங்கள் இருநூறு பேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். வெங்கடப்பன் கேட்டைப் பிடித்து உலுக்கினான்.

"அது என்ன சத்தம்?" என்றார் தலைவர்.

"பொதுமக்கள், ஐயா" என்றார் பூபதி.

"கருத்துக் கேட்புக்குப் பொதுமக்கள் வேண்டாமா? உள்ளே விடலாமே?"

"அவங்கள உள்ள விடலாமான்னுதான் இன்னைக்கு விவாதிக்கப் போறோம் சார்" என்றாள் ஸ்வாதி. "முதல்லயே விட்டுட்டா விவாதத்துக்கு அர்த்தமில்லாம போயிடும்."

தலைவர் அதன் நியாயத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் குறைந்தது ஒரு பொதுமக்களாவது கூட்டத்தில் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் நாராயணம்மாவைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு, 'பொதுமக்கள்' என்று எழுதிய அட்டையை அவள் முன்னால் வைத்தார்கள்.

முதலில் பூபதி பேசினார். இந்த அம்மாள் பதினோரு நாளாகக் காட்டுக்குள்ளேயே இருக்கிறார், அரசு நிர்வாகத்தில் பொதுமக்களுக்கு எவ்வளவு தாராளமாக இடமிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றார். ஸ்வாதி திரையில் ஒரு வரைபடம் காட்டினாள். மற்ற சுற்றுலாக் காடுகளில் ஒரு பார்வையாளர் தங்கும் நேரம் சராசரியாக இரண்டரை மணி. தேவரகுண்டில் சராசரி பதினோரு நாள். இதுவரை வெளியேறியவர்கள் பூஜ்யம். திருப்தி நூறு சதவீதம்.

"அம்மா, நீங்களே சொல்லுங்கள்" என்று தலைவர் மைக்கை அவள் பக்கம் திருப்பினார். "பயப்படாமல் மனம்விட்டுச் சொல்லுங்கள். காடு யாரிடம் இருக்க வேண்டும்?"

நாராயணம்மா எழுந்தாள். "சாமி, யாரு வேணா வெச்சிக்குங்க. எங்க மாடு போனா நான் உள்ள வரணும். வந்தா வெளிய போவணும். நான் கேக்கறது அவ்ளோதான். இப்ப என்ன வெளிய வுடுங்க. கன்னோட வுடுங்க."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இவ்வளவு தெளிவாக ஒரு கருத்தைத் தன் அனுபவத்தில் கேட்டதில்லை என்றார். குறிப்பு எழுதுபவரிடம் சொல்லி எழுத வைத்தார்: 'பொதுமக்கள் இரு தரப்பு நிர்வாகத்தையும் ஏற்றனர். எனினும் உள்ளே உள்ள பொதுமக்கள் வெளியே போகவும், வெளியே உள்ள பொதுமக்கள் உள்ளே வரவும் விரும்புவதால், பொதுமக்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. விவாதம் தொடர வேண்டும்.' அடுத்த கூட்டத்துக்கும் உள்ளே உள்ள பொதுமக்களின் பிரதிநிதியாக இந்த அம்மாளே இருக்கட்டும் என்று அவர் சொன்னபோது கை தட்டினார்கள். நாராயணம்மா உட்காரப் பார்த்தாள். நாற்காலி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

அவளைத் தாங்கிப் பிடித்தவன் பந்தல்கார மணிவேல். "அக்கா, வா. கொஞ்சம் பால் கறந்து குடு. டீக்குக் கொண்டாந்த பாலு திரிஞ்சி போச்சி" என்றான்.

அவள் இயந்திரம்போல் நடந்துபோய்க் கன்றை அவிழ்த்துவிட்டு, கெம்பி பால் சுரந்ததும் கறந்து கொடுத்தாள். டீ குடித்த தலைவர், ஏற்பாடுகள் மிக நன்றாக இருக்கின்றன என்று மைக்கிலேயே பாராட்டினார். மணிவேல் அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கன்றையே பார்த்தபடி நின்றான். பிறகு காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தான்.

ஐந்தே முக்காலுக்கு, எல்லோரும் கார்களில் ஏறும் அவசரத்தில் இருந்தபோது, மணிவேல் எழுதிய, வெளியே போகும் பொருள்களின் பட்டியல் பூபதியிடமும் ஸ்வாதியிடமும் போனது. பூபதி முதலில் ஸ்வாதி கையெழுத்துப் போட்டுவிட்டாளா என்று பார்த்தார். ஸ்வாதி முதலில் பூபதி போட்டுவிட்டாரா என்று பார்த்தாள். இருவரும் அதை மட்டுமே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

"கூடுதலா எழுதினா புடிச்சிர மாட்டாங்களா?" என்று நாராயணம்மா கிசுகிசுத்தாள்.

"கொறஞ்சாதான்க்கா கேப்பாங்க. கூடுனா எவனும் கேக்க மாட்டான். இருவது வருசமா அரசாங்கக் கூட்டத்துக்குப் பந்தல் போடறேன்."

கேட் திறந்தது. கார்கள் வெளியே போய் நின்றன. சுடலைமுத்து பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு, நீலச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, உரக்கப் படித்தான்.

"நாற்காலி, அறுவது. மேசை, நாலு. ஷாமியானா, ஒண்ணு. மைக் செட்டு, ஒண்ணு. தேநீர் ஏற்பாடு, பசு, ஒண்ணு. பால் சுரப்பதற்கான துணை உபகரணம், ஒண்ணு." கன்று இரண்டு காதிலும் வில்லையோடு டெம்போவின் பின்பலகையில் நின்று அவனைப் பார்த்தது. "பொதுமக்கள், ஒண்ணு."

"இருக்கறேன்" என்றாள் நாராயணம்மா.

அவள் கேட்டைத் தாண்டினாள். வெளியே காத்திருந்த வெங்கடப்பன் அவள் கையைப் பிடித்தான். அத்தனை பேர் நடுவில் அவன் அப்படிச் செய்ததில்லை.

பட்டியலில் கடைசியாக இன்னும் ஒரு வரி இருந்தது. மணிவேல் எழுதியதுதான். சுடலைமுத்து அதை வாய்க்குள்ளே படித்தான். 'காவல் ஏற்பாடு, ஒண்ணு.' அவன் திரும்பிக் குடிலைப் பார்த்தான். கார்களுக்குப் பக்கத்தில் சாவியோடு நின்ற இரண்டு அதிகாரிகளையும் பார்த்தான். திறந்த கேட்டுக்கு வெளியே ரோடு பேரிகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"வாப்பா" என்றாள் நாராயணம்மா. "கால எடுத்து வெய்யி. வந்துரு."

"கேட்டுல ஆள் இல்லாம இருக்கக் கூடாதேம்மா" என்றான். பேனாவால் அந்த வரியை நேராக ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தான். "ராசாத்திட்ட மட்டும் ஒரு சொல்லு சொல்லிருங்க. வேலைக்கு ஒரு பாதகமும் இல்லன்னு."

அவனே கேட்டை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை நாராயணம்மா ஒரு தூக்குவாளியில் பால் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து ஓசூர் போனாள். ராயக்கோட்டை ரோட்டில் விசாரித்து விசாரித்து லைன் வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவைத் திறந்த ராசாத்தியிடம் விஷயத்தைச் சொன்னாள். அழுவாள் என்று எதிர்பார்த்தாள். ராசாத்தி அழவில்லை. தர்ஷினிக்கு ஒரு தம்ளர் பாலை ஆற்றிக் கொடுத்துவிட்டுத் தூக்குவாளியைக் கழுவினாள்.

"வேல இருக்குல்லா, அது போதும்" என்றாள். தூக்குவாளியை நீட்டிக்கொண்டே, "அங்கன அவுகள நல்லாக் கவனிச்சிக்கிடுதாவளாம்மா?" என்று கேட்டாள்.

நாராயணம்மா தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு பூட்டு போட்டுக் கவனிச்சிக்கறாங்க கண்ணு" என்றாள்.